களஞ்சியத்தில் விழுந்த கோடு

1995ஆம் ஆண்டின் கடைசியில் இன்ஃபோமேஜிக் என்ற அமெரிக்க நிறுவனம் லினக்ஸ் மென்பொருள்களை ஐந்து சிடிக்களில் தொகுத்து விற்றது. இணையம் மோடம் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த காலம் அது. பலர் கைக்கு லினக்ஸ் இப்படித்தான் வந்து சேர்ந்தது. அந்தத் தொகுப்பில் ‘டெபியன் 1.0’ என்ற பெயரில் ஒரு லினக்ஸ் வழங்கலும் இருந்தது. டெபியன் திட்டம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டிருக்கவே இல்லை. உருவாக்குநர்கள் அப்போதும் கைவைத்துக்கொண்டிருந்த, அரைகுறையாக நின்ற ஒன்றை முடிந்த பதிப்பு என்று எண்ணி வட்டில் ஏற்றிவிட்டார்கள். டிசம்பர் 11ஆம் தேதி இரு தரப்பும் சேர்ந்து அறிவிப்பு விட வேண்டியதாயிற்று: இது டெபியன் 1.0 இல்லை, அநேகமாக இது ஒழுங்காகத் தொடங்கவோ ஓடவோ செய்யாது. கெட்டுப்போன அந்த எண்ணை டெபியன் அதோடு கைகழுவியது; 1996 ஜூனில் வந்த அடுத்த பதிப்பு 1.1 ஆயிற்று. இன்னும் வேலை முடியாத பதிப்பின் அடைவுக்கு எண் வைப்பதையும் நிறுத்திவிட்டு, ‘டாய் ஸ்டோரி’ படத்தின் பாத்திரப் பெயர்களை வைக்கத் தொடங்கினார்கள். அப்போது திட்டத்தலைவராக வந்த புரூஸ் பெரன்ஸ் அந்தப் படத்தை எடுத்த பிக்சாரில் வேலை பார்த்தவர். பொம்மைகளை உடைத்து விளையாடும் சிட் என்ற பையனின் பெயர், எப்போதும் உடைந்துகொண்டே இருக்கும் ‘அன்ஸ்டேபிள்’ கிளைக்குப் போனது பொருத்தம்தான்.

இதை ஒரு வேடிக்கைச் சம்பவமாகச் சொல்லிக் கடந்துபோவது வழக்கம். ஆனால் சமூக லினக்ஸ் வழங்கல்கள் இன்றுவரை தீர்க்க முயலும் சிக்கல் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு வழங்கலின் மென்பொருள் களஞ்சியத்தில் பல்லாயிரம் பொதிகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள். எல்லாம் ஒரே சேவையகத்திலிருந்து, ஒரே கட்டளையில், ஒரே மாதிரி இறங்கி நிறுவப்படுகின்றன. இவற்றில் எதற்கு ஆள் பொறுப்பேற்றிருக்கிறார், எது கேட்பாரற்று அங்கே இருக்கிறது என்பது நிறுவுகிறவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வழங்கலும் இதற்காக ஒரு கோடு போட்டுப் பார்த்திருக்கிறது. ஆதரவு உள்ளவை இந்தப் பக்கம், இல்லாதவை அந்தப் பக்கம். பயனர்கள் அதைத் தரத்தின் கோடாக, நல்ல மென்பொருளுக்கும் மட்டமானதற்கும் நடுவே போட்ட கோடாகப் படித்துவந்திருக்கிறார்கள். அந்த வாசிப்பு தவறு என்பது என் கட்சி. பாதுகாப்பு ஓட்டை தெரியவரும் நாளில் அதை அடைக்கக் கடமைப்பட்டவர் யார், அந்தக் கடமை எந்த ஆண்டோடு முடிகிறது என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் சொல்வதில்லை. அதை அழிக்க முயன்றவர்களும் உண்டு. அழித்த இடத்திலிருந்து அது வேறோர் இடத்துக்கு நகர்ந்ததே தவிர மறைந்ததில்லை.

டெபியன் பிறந்ததே பராமரிப்பு பற்றிய ஒரு மனக்குறையில்தான். 1993இல் பரவலாக இருந்த எஸ்.எல்.எஸ். என்ற வழங்கலில் பிழைகள் மலிந்து கிடந்தன. அந்த எரிச்சலில் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று புதிய வழங்கல் ஒன்றை அறிவித்தார். அந்தத் திட்டத்தில் வேரூன்றிய ஏற்பாடு எளிமையானது: ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர். பொதியின் கட்டுப்பாட்டுக் கோப்பைத் திறந்தால் ‘மெயின்டெய்னர்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ஓர் ஆளின் அல்லது குழுவின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். அந்த வரி இல்லாமல் இன்றும் டெபியன் பொதி கிடையாது. 1997 ஜூலையில் ஏற்கப்பட்ட சமூக ஒப்பந்தம் இதற்கு மேல் இன்னொரு பாகுபாட்டை எழுத்தில் வைத்தது. உரிமத்தின்படி கட்டற்றவை ‘மெயின்’, தாம் கட்டற்றவையாக இருந்தும் கட்டற்றதல்லாத ஒன்றின் துணையில்லாமல் ஓடாதவை ‘கான்ட்ரிப்’, மற்றவை ‘நான்-ஃப்ரீ’. பின்னிரண்டும் டெபியனின் பகுதி இல்லை என்று ஒப்பந்தம் கறாராகச் சொன்னது. சொல்லிவிட்டு, பயனர்களின் வசதிக்காக அதே சேவையகத்தில் அவற்றுக்கு இடமும் கொடுத்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கொள்கைக்காரர்கள் போட்ட கோடு. ஆனால் ஆதரவுக் கோடு இதன் மேலேயே வந்து படிந்தது. கான்ட்ரிப்பையும் நான்-ஃப்ரீயையும் தான் கவனிப்பதில்லை என்பது டெபியன் பாதுகாப்புக் குழுவின் பொதுவிதி. அவை டெபியனின் பகுதி அல்ல என்பது அது சொல்லும் காரணம். நடைமுறைக் காரணம் அதைவிட வலுவானது. மூலநிரல் கைவசம் இல்லாத மென்பொருளில் ஓட்டை விழுந்தால் தன்னார்வலர் என்ன செய்ய முடியும்? உற்பத்தியாளர் மனம் வைக்கும்வரை காத்திருக்கலாம், அவ்வளவுதான். திருத்தும் அதிகாரம் இல்லாதவர் திருத்துவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இந்த விதியையும் டெபியன் பிறகு தளர்த்தியது. 2018இல் ஸ்பெக்டர் வகை ஓட்டைகள் செயலிகளையே உலுக்கியபோது, கட்டற்றதல்லாத இன்டெல் மைக்ரோகோடு பொதிக்கு டெபியன் முறையான பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. 2022இல் நடந்த பொது வாக்கெடுப்பில் சமூக ஒப்பந்தமே திருத்தப்பட்டு, வன்பொருளை இயக்கும் ஃபர்ம்வேருக்குத் தனிப் பிரிவு வந்தது. 2023 ஜூனில் வெளியான புக்வோர்ம் பதிப்பின் நிறுவி அதையும் சேர்த்தே வந்தது. உரிமக் கோடு அதே இடத்தில் நிற்க, பொறுப்புக் கோடு அதைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டும் ஒன்றே என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அவை வேறுவேறு என்று தெரிந்த இடம் இது.

மெயினுக்குள் எல்லாம் சமம் என்பது டெபியனின் பெருமை. 1.1 பதிப்பில் 474 பொதிகள் இருந்தபோது அது பெரிய வாக்குறுதி அல்ல. புக்வோர்மில் 64,419 பொதிகள். இத்தனைக்கும் ஒரே அளவில் காவல் காப்பது எந்தத் தன்னார்வக் குழுவாலும் ஆகாது. ஆகவே சமம் என்ற சொல்லுக்கு அடியிலேயே விரிசல் விடத் தொடங்கியது. வெப்கிட் இயந்திரத்தின் மேல் கட்டிய உலாவிகளுக்குப் பாதுகாப்பு ஆதரவு கிடையாது என்று வீஸி, ஜெஸ்ஸி பதிப்புகளின் வெளியீட்டுக் குறிப்புகள் எச்சரித்தன. அந்த இயந்திரத்தில் ஓட்டைகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. பழைய பதிப்புக்கு ஏற்றபடி ஒவ்வொரு திருத்தத்தையும் பின்னோக்கிக் கொண்டுவர ஆள் பலம் இல்லை. நோட்.ஜேஎஸ்ஸுக்கும் ஜெஸ்ஸியில் அதே கதி. வீஸியில் இருந்த குரோமியம் உலாவிக்கு 2015 ஜனவரி கடைசியில் ஆதரவை நிறுத்தினார்கள். அதைக் கட்டத் தேவைப்பட்ட புதிய நிரல்மாற்றி வீஸியில் இல்லை. பதிப்புக்கு ஆயுள் பாக்கி இருந்தது, பொதிக்கு முடிந்துவிட்டது. கணினியில் அந்தக் குரோமியம் அப்படியேதான் இருக்கும், சொடுக்கினால் திறக்கும், வங்கிக் கணக்குக்குள்ளும் போகும்.

இந்த இடத்தில் டெபியன் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். தன் வாக்குறுதியின் ஓட்டைகளைத் தானே பட்டியல் போட்டு, ‘டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட்’ என்ற பெயரில் அதையே ஒரு பொதியாக வெளியிட்டது. நிறுவிவிட்டு முனையத்தில் ‘செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ்’ என்று அடித்தால், நம் கணினியில் இருக்கும் பொதிகளில் எவற்றுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, எவற்றுக்கு வரம்புக்கு உட்பட்ட ஆதரவு மட்டுமே என்று காட்டும். பட்டியலின் வாசகங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். பின்யூட்டில்ஸ் நிரலாக்கம் செய்கிற யாருக்கும் இன்றியமையாத கருவித்தொகுப்பு. அதற்கு நேரே, நம்பகமான உள்ளடக்கத்துக்கு மட்டுமே ஏற்றது என்று குறிப்பு. அதாவது, நீங்களே எழுதிய நிரலைக் கட்டலாம்; முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பை அதில் திறந்து ஏதாவது ஆனால் அதற்கு நாங்கள் ஓடிவர மாட்டோம். கங்க்லியா என்ற கண்காணிப்பு மென்பொருளுக்கோ கடவுச்சொல் கேட்கும் வாசலுக்குப் பின்னால் வைத்தால் மட்டுமே ஆதரவு. ஆதரவு என்பது உண்டு, இல்லை என்ற இரண்டே விடையில் அடங்குவதில்லை. எந்தப் பயன்பாட்டுக்கு, எந்தச் சூழலில், எதுவரை என்று நிபந்தனைகளோடு வருகிறது என்பதை இந்தச் சிறு பட்டியல் பெரிய கொள்கை அறிக்கைகளைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

ரெட் ஹாட் என்ற நிறுவனத்தின் வழங்கல்களில் கோடு வேறு அடிப்படையில் விழுந்தது: சம்பளப் பட்டியல். 2003இல் ரெட் ஹாட் லினக்ஸ் என்ற பழைய பெயர் முடிவுக்கு வந்தபோது, காசு கொடுப்பவர்களுக்கு வணிகப் பதிப்பும் மற்றவர்களுக்கு ஃபெடோராவும் என்று பாதை பிரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த ஃபெடோரா கோர் 1 பெயரளவில்தான் சமூக வழங்கல். கோரில் இருந்த பொதிகளைத் தொடும் உரிமை நிறுவன ஊழியர்களுக்கே இருந்தது. வெளியார் கட்டிய பொதிகளுக்கு ‘எக்ஸ்ட்ராஸ்’ என்ற தனிக் களஞ்சியம் வந்தது. கோரில் உள்ள எதுவும் எக்ஸ்ட்ராஸை நம்பி நிற்கக் கூடாது என்பது விதி. வெளியார் ஒருவர் மிக நன்றாகப் பராமரிக்கும் நிரலகம் எக்ஸ்ட்ராஸில் இருந்தால், அந்த நிரலகம் தேவைப்படும் வசதியைக் கோரில் உள்ள மென்பொருள் துறந்துவிட வேண்டியதுதான். தரத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை அதில் வேலை செய்தவர்களே நன்றாக அறிந்திருந்தார்கள். 2007 மே 31 அன்று வெளியான ஃபெடோரா 7இல் கோரையும் எக்ஸ்ட்ராஸையும் ஒன்றாக்கி, பெயரிலிருந்து ‘கோர்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு. ஊழியரும் தன்னார்வலரும் ஒரே விதிக்கு உட்பட்டார்கள்.

ஆனால் கோடு எங்கே போனது என்று பார்க்க வேண்டும். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஏறத்தாழ 13 மாதம். இவ்வளவு குறுகிய காலத்துக்கு எல்லாப் பொதிகளுக்கும் சமமாக வாக்குக் கொடுப்பது சாத்தியம். பராமரிப்பாளர் விட்டுப்போன பொதியை ஆறு வாரத்துக்குள் யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் அது நீக்கப்படும் என்ற விதியும் இருக்கிறது. பத்தாண்டு ஆதரவு வேண்டுகிற வங்கிக்கும் மருத்துவமனைக்கும் இது போதாது. அவர்கள் வாங்கும் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸில் ஃபெடோராவின் ஒரு பகுதி மட்டுமே உண்டு. மிச்சத்தில் பலவற்றைத் தன்னார்வலர்கள் ‘ஈபெல்’ என்ற களஞ்சியத்தில் கட்டித் தருகிறார்கள், அதற்கு ரெட் ஹாட்டின் சந்தா பொறுப்பல்ல. 2019இல் வந்த 8ஆம் பதிப்பில் ‘கோட்ரெடி பில்டர்’ என்று இன்னொன்றும் சேர்ந்தது. நிறுவனமே கட்டி, நிறுவனமே சந்தாதாரருக்குத் தந்து, ஆதரவு இல்லை என்றும் சொல்லும் களஞ்சியம் அது. ஃபெடோராவுக்குள் 2007இல் அழித்த கோடு, ஃபெடோராவுக்கும் அதன் வணிகப் பதிப்புக்கும் நடுவில் இப்படித் திரும்பப் போடப்பட்டிருக்கிறது.

இந்த வரலாற்றில் கோட்டை மிகத் துலக்கமாக வரைந்தது உபுண்டு. 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தபோதே களஞ்சியத்தில் நான்கு அறைகள் இருந்தன. கட்டற்றது, உபுண்டுவை நடத்தும் கானோனிக்கல் நிறுவனத்தின் ஆதரவு உள்ளது: ‘மெயின்’. கட்டற்றதல்ல, ஆனாலும் ஆதரவு உண்டு: ‘ரெஸ்ட்ரிக்டட்’, வரைகலை அட்டைகளின் இயக்கிகள் போன்றவை இங்கே. கட்டற்றது, ஆதரவு இல்லை: ‘யூனிவர்ஸ்’. இரண்டும் இல்லாதது: ‘மல்டிவர்ஸ்’. டெபியன் ஒரே முடிச்சில் கட்டியிருந்த உரிமக் கேள்வியையும் பொறுப்புக் கேள்வியையும் இந்த அமைப்பு பிரித்து வைத்தது. ஆரம்பப் பதிப்புகளில் யூனிவர்ஸ் திறந்திருக்காது. ‘சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பைத் திறந்து, அந்த வரியின் தலையில் இருக்கும் ஹாஷ் குறியை நாமே எடுக்க வேண்டும். வரிக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு: இந்தக் களஞ்சியத்தில் உள்ளவற்றுக்கு உபுண்டு குழுவின் ஆதரவு அறவே கிடையாது, பாதுகாப்புக் குழு இவற்றைப் பார்வையிடவோ புதுப்பிக்கவோ செய்யாது. இதைவிட வெளிப்படையாக எழுதிவிட முடியாது. சில ஆண்டுகளில் யூனிவர்ஸ் நிறுவும்போதே திறந்து வரத் தொடங்கியது. குறிப்பு கோப்பில் அப்படியே இருந்தது. கோப்பைத் திறக்க வேண்டிய தேவைதான் போய்விட்டது.

யூனிவர்ஸில் இருந்தவற்றில் பெரும்பாலானவை டெபியனின் மெயினிலிருந்து எடுத்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே பெயர் சொல்லக்கூடிய ஒரு பராமரிப்பாளர், பாதுகாப்புக் குழு, பிழைப் பதிவேடு எல்லாம் உள்ள பொதி, இங்கே வந்து சேர்ந்த நொடியில் ஆதரவு இல்லாததாகிறது. மூலநிரலில் ஒரு வரியும் மாறவில்லை. டெபியன் பராமரிப்பாளர்களுக்கு இதில் வேறொரு தலைவலி: உபுண்டு மாற்றியமைத்த பொதியிலும் ‘மெயின்டெய்னர்’ வரியில் தங்கள் பெயரே நின்றதால், தாங்கள் செய்யாத மாற்றத்துக்கான புகார்கள் தங்களுக்கு வருவதாக முறையிட்டார்கள். அதன்பின் உபுண்டு தான் மாற்றும் பொதிகளில் அந்த வரியில் தன் உருவாக்குநர் குழுவின் பெயரைப் போட்டு, டெபியன்காரரின் பெயரை ‘ஒரிஜினல்-மெயின்டெய்னர்’ என்ற வேறு வரிக்கு நகர்த்தியது. யார் பொறுப்பு என்பது கட்டுப்பாட்டுக் கோப்பின் ஒற்றை வரியில் அடங்கிய வழக்காக இருந்திருக்கிறது.

தரத்துக்கும் கோட்டுக்கும் உறவில்லை என்பதற்குக் குபுண்டு இன்னொரு சாட்சி. கேடிஈ மேசைச்சூழலோடு வரும் அந்த உபுண்டு வகைக்குக் கானோனிக்கல் ஊதியம் கொடுத்து ஆள் வைத்திருந்தது. 2012இல், 12.04 பதிப்போடு அந்தச் செலவை நிறுத்துவதாக அறிவித்தது. அறிவிப்புக்கு முன்தினமும் மறுதினமும் குபுண்டு ஒரே மென்பொருள்தான். அதன் சமூகம் அதைத் தொடர்ந்து வெளியிட்டது, இன்றும் வெளியிடுகிறது. மாறியது யார் கையெழுத்துப் போடுகிறார் என்பது மட்டுமே. எதிர்த்திசையில், யூனிவர்ஸிலிருந்து ஒரு பொதியை மெயினுக்குள் கொண்டுவரத் தனி விண்ணப்ப முறையே இருக்கிறது. மூலநிரலைப் பாதுகாப்புக் கண்ணோடு பார்க்கிறார்கள், பழைய ஓட்டைகளின் வரலாற்றை ஆராய்கிறார்கள். ஆனால் அங்கே விடாப்பிடியாகக் கேட்கப்படும் கேள்வி, உள்ளே எந்தக் குழு இந்தப் பொதியின் பிழைப் புகார்களை ஏற்றுக்கொள்ளப்போகிறது என்பது. பெயர் கொடுக்க ஒரு குழு இல்லாவிட்டால், எவ்வளவு அழகாக எழுதிய நிரலும் உள்ளே போகாது.

இந்த ஏற்பாட்டுக்கு எதிரான முதல் ஆட்சேபம் வலுவானது: முத்திரையை யாரும் படிப்பதில்லை. 2014 அக்டோபரில் ஓன்கிளவுட் திட்டத்தார் உபுண்டுவிடம் ஒரு விசித்திரமான வேண்டுகோள் வைத்தார்கள்: எங்கள் மென்பொருளை உங்கள் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கோப்புகளைச் சொந்தச் சேவையகத்தில் வைத்துப் பகிர உதவும் மென்பொருள் அது. இணையத்தைப் பார்த்துத் திறந்திருப்பதே அதன் வேலை. யூனிவர்ஸில் இருந்த பழைய பதிப்புகளில் ஊரறிந்த ஓட்டைகள் இருந்தன, திருத்த ஆள் இல்லை. உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து வந்ததாலேயே பயனர்கள் அதைப் பாதுகாப்பானது என்று நம்பினார்கள். நீக்குவது அவ்வளவு சுலபமா? வெளியாகிவிட்ட பதிப்பின் களஞ்சியத்திலிருந்து ஒரு பொதியைப் பிடுங்குவது உபுண்டுவின் வழக்கமில்லை. பிடுங்கினாலும் ஏற்கெனவே நிறுவியவர் கணினியில் அது அப்படியே இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லாத வெற்றுப் பொதியைப் புதுப்பிப்பாக அனுப்பி, இருப்பதைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதே முன்வைக்கப்பட்ட வழி. அதிலும், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரின் சேவையகத்தை நாமே நிறுத்துவதா என்ற கேள்வி எழும். எச்சரிக்கை வாசகம் பத்தாண்டுகளாகக் கோப்பில் இருந்தது. அது ஒருவரையும் தடுக்கவில்லை.

ஆகவே கோடே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவெடுப்பவர்கள் உண்டு. நான் எடுக்கும் முடிவு வேறு: கோட்டை வாசகத்தில் எழுதினால் போதாது, வேலை செய்யும் முறையில் அது தட்டுப்பட வேண்டும். ஆர்ச் லினக்ஸ் இதை நன்றாகச் செய்திருக்கிறது. பயனர்கள் எழுதிப்போடும் கட்டுமானக் குறிப்புகளுக்கு ஏயூஆர் என்ற இடம் இருக்கிறது; ஆர்ச்சின் பொதி மேலாளரான பேக்மேன் அதைத் தொடவே தொடாது. குறிப்பைத் தனியாக இறக்கி, படித்துப் பார்த்து, கையால் கட்டி நிறுவ வேண்டும். இந்தச் சிரமம் வேண்டுமென்றே விட்டுவைத்தது. சிரமத்தைக் குறைக்கத் துணைக்கருவிகள் எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆர்ச் அவற்றுக்கு அதிகாரபூர்வ ஆதரவு தருவதில்லை. 2018 ஜூலையில், பராமரிப்பாளர் கைவிட்டிருந்த அக்ரோபேட் ரீடர் பொதியை முகம் தெரியாத ஒருவர் ஏயூஆரில் தத்தெடுத்து, வெளியிலிருந்து தீய நிரல் ஒன்றை இறக்கும் வரியைச் சேர்த்தார். விரைவில் கண்டுபிடித்து நீக்கினார்கள். படிக்காமல் துணைக்கருவியால் நிறுவியவர்களை அது பாதித்திருக்கக்கூடும். படித்தவர் கண்ணில் அந்த வரி பட்டிருக்கும். 2025லும் உலாவிகளின் பெயரில் தீய பொதிகள் அங்கே நுழைந்தன. ஏயூஆர் பாதுகாப்பானது என்று நான் சொல்ல வரவில்லை. அது பாதுகாப்பானதுபோல் வேஷம் போடுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. ஆதரவு உள்ள பொதியும் கவிழ்கிறதே? 2008 மே 13 அன்று டெபியன் வெளியிட்ட அறிவிப்பை மறந்துவிட முடியாது. ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் டெபியனே 2006இல் செய்த ஒரு மாற்றம், சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களின் ஊற்றைக் கிட்டத்தட்ட அடைத்துவிட்டிருந்தது. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறத்தாழ 32,768 சாத்தியங்கள்தான் மிஞ்சின. அத்தனையையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். களஞ்சியத்தின் மையத்தில் இருந்த பொதி, பெயர் சொல்லும் பராமரிப்பு, முழு ஆதரவு. ஓட்டை ஒன்றரை ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. உபுண்டுவும் அதே மாற்றத்தை எடுத்திருந்ததால் அதுவும் மாட்டிக்கொண்டது. ஆதரவு தரத்துக்கு உத்தரவாதம் என்று நம்பியவர்களின் வாதம் அன்று உடைந்தது. என் வாதம் உடையவில்லை. வெளிப்பட்டதும் திருத்தம் வந்தது. பலவீனமான சாவிகளின் பட்டியல் பொதியாகவே வந்தது. நம் கணினியில் அத்தகைய சாவி இருக்கிறதா என்று தேடும் கருவி வந்தது. எந்தச் சாவியைத் தூக்கியெறிந்து மறுபடி உருவாக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. தவறு செய்தவர் தன் பெயரோடு அங்கேயே இருந்தார். ஓன்கிளவுட் விவகாரத்தில் ஓட்டையும் தெரியும், திருத்தமும் வெளியே இருந்தது. எடுத்து உள்ளே வைக்கத்தான் ஆளில்லை. இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வேறுபாடே ஆதரவு என்ற சொல்லின் முழுப் பொருள்.

கட்டற்ற உரிமங்கள் எல்லாமே எந்த உத்தரவாதமும் இல்லை என்று எழுதித்தானே வருகின்றன, அப்படியானால் எல்லாப் பொதியும் ஆதரவு இல்லாததுதானே என்று சட்டம் பேசுபவர்கள் கேட்கலாம். நீதிமன்றத்தில் அது சரி. ஆனால் ஒரு திட்டம் வெளிப்படையாகச் சொல்லி, பல ஆண்டுகள் நிறைவேற்றிக் காட்டிய வாக்குக்கு வழக்குப் போடும் உரிமையைச் சாராத ஒரு கனம் உண்டு. ஆதரவு இல்லை என்று எழுதுவது சம்பளம் வாங்காமல் உழைப்பவரை இழிவுபடுத்துவதாகவும் ஒரு முறையீடு உண்டு. யூனிவர்ஸைக் கவனித்துக்கொண்ட உபுண்டு தன்னார்வலர்கள் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்’ என்று தங்களுக்குக் குறும்பாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தங்கள் வேலை ‘இல்லை’ என்ற பட்டியலில் வருவது அவர்களுக்கு உறுத்தியிருந்தால் நியாயமே. ஆனாலும் அந்த முத்திரை தன்னார்வலருக்கும் ஒரு காப்பு. வாரக்கடைசியில் பொழுதுபோக்காகப் பொதி கட்டுகிறவர், யாரோ ஒரு நிறுவனத்தின் சேவையகம் வீழ்ந்ததற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக ஆகிவிடக் கூடாது. கடமையை விரும்பி ஏற்றவரையும் ஏற்காதவரையும் ஒரே பெயரில் அழைத்தால், ஏற்காதவர் தலையில்தான் பாரம் விழும்.

கடைசி ஆட்சேபம் பணம் பற்றியது. இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. 2022 அக்டோபரில் சோதனையாகவும் 2023 ஜனவரியில் முறையாகவும் கானோனிக்கல் ‘உபுண்டு ப்ரோ’ சந்தாவைக் கொண்டுவந்தது. யூனிவர்ஸின் 23,000க்கும் மேற்பட்ட பொதிகளுக்குப் பத்தாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் அடக்கம். தனிப்பட்ட பயனர் ஐந்து கணினிகள்வரை இலவசமாகச் சேரலாம். அதன்பின் முனையத்தில் வழக்கமான புதுப்பிப்பை ஓட்டினால், இன்னின்ன பொதிகளுக்குத் திருத்தம் தயாராக இருக்கிறது, ப்ரோ சேர்ந்தால் கிடைக்கும் என்று பட்டியல் வரத் தொடங்கியது. பலர் கொதித்தார்கள். பாதுகாப்பைப் பணயம் வைக்கிறார்கள் என்றார்கள். கானோனிக்கலின் விளக்கத்தில் உண்மை உண்டு: யூனிவர்ஸுக்கு அந்த நிறுவனம் எப்போதும் வாக்குக் கொடுத்ததில்லை, முன்பு எவருமே ஏற்காத பொறுப்பை இப்போது ஏற்கிறது. ஆனால் கோட்டைப் போடுகிறவரே கோட்டுக்கு அப்பால் இருப்பதற்கான கட்டணத்தையும் வசூலிக்கும்போது, எதை மெயினுக்குள் கொண்டுவருவது என்ற முடிவில் வணிகக் கணக்கு நுழையாது என்று யார் சொல்ல முடியும்? டெபியன் வேறு வழி கண்டது. 2014இல் ஸ்குவீஸ் பதிப்பிலிருந்து அதன் நீண்டகால ஆதரவு முயற்சி, பணம் தரும் நிறுவனங்களின் பங்களிப்பை ஃப்ரெக்சியன் என்ற நிறுவனம் திரட்டி உருவாக்குநர்களுக்குக் கொடுப்பதால் நடக்கிறது. திருத்தங்கள் பணம் கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற பேதமில்லாமல் ஐந்தாண்டுவரை எல்லோருக்கும் போய்ச் சேர்கின்றன. அங்கேயும் எல்லாப் பொதிக்கும் இடமில்லை. ஆனால் இடமில்லாதவற்றின் பட்டியல் வெளியே இருக்கிறது. இரண்டில் டெபியனின் வழியே மேல் என்பது என் தீர்ப்பு. உபுண்டுவின் அறிவிப்பு எரிச்சலூட்டினாலும், பயனர்கள் பதினெட்டு ஆண்டுகளாகப் படிக்காமல் விட்ட ஒன்றை அது படிக்க வைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்திலோ சிறு நிறுவனத்திலோ லினக்ஸ் சேவையகம் வைத்திருப்பவர்கள் இன்று மாலையே ஒன்று செய்து பார்க்கலாம். டெபியன் என்றால் ‘டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட்’ பொதியை நிறுவி ‘செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ்’ ஓட்டுங்கள். உபுண்டு என்றால் ‘ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்’. எத்தனை பொதிகள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். இரண்டு கட்டளைக்கும் சந்தா தேவையில்லை. அவற்றில் இணையத்தைப் பார்த்துத் திறந்திருப்பவை எவை என்று முதலில் பாருங்கள். அவற்றை நீக்குங்கள், அல்லது இன்னார் கவனிப்பார் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் பெயரை எழுதி வையுங்கள்.